555 பெரிதா, 37 பெரிதா?



சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து தேநீர் வந்த நேரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தான். அதில் உலகச் சாதனைகளைத் தொகுத்து எழுதி வைத்திருந்தான். "சார், விளையாட்டில் எந்தச் சாதனை எல்லாவற்றிலும் பெரிது?" என்று கேட்டான். என் பதிலுக்குக் காத்திராமல் அவனே ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். "ஜஹாங்கீர் கான், ஸ்குவாஷ், 555 ஆட்டங்களில் தொடர் வெற்றி" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தான்.

"எண் பெரிதுதான். ஆனால் அதே மனிதரின் பெயரில் இன்னொரு எண் இருக்கிறது. நான் அதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். அந்த எண் 37. அதில் பாதிக்கு மேல் தோல்வி" என்றேன்.

பையன் என்னை நம்பாமல் பார்த்தான். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. விளக்கம் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் விளையாட்டு வீரன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இயற்பியல் வழியாகத்தான் அந்தக் கருத்துக்கு வர முடியும்.

நான்கு சுவர்களுக்குள்

ஸ்குவாஷ் என்றதும் உங்களில் சிலருக்கு எலுமிச்சைச் சாற்றுப் புட்டி நினைவுக்கு வரலாம். இது வேறு ஸ்குவாஷ். நான்கு சுவர்களுக்குள் இருவர் ஆடும் மட்டைப் பந்தாட்டம். களத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். ஒரு பெரிய வகுப்பறை அளவுதான். டென்னிஸில் எதிராளி வலைக்கு அப்பால் நிற்பார். இங்கே வலை கிடையாது. இருவரும் ஒரே இடத்தில், ஏறக்குறைய தோள் உரச நின்றுகொண்டு, மாறி மாறி முன்சுவரில் பந்தை அடிக்க வேண்டும். பந்து தரையில் இரண்டாம் முறை விழுவதற்குள் எதிராளி அதை எடுத்து மீண்டும் முன்சுவருக்கு அனுப்ப வேண்டும். பக்கச் சுவர்களையும் பின்சுவரையும் பயன்படுத்திக்கொள்ளலாம். முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை உண்டு. பந்து அதில் பட்டால் 'டங்' என்று ஓசை எழும், அடித்தவர் தோற்றார்.

களத்தின் தரையில் உள்ள கோடுகள் ஆங்கில எழுத்து 'டி' போல ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த இடமும் 'டி' என்றே பெயர் பெற்றது. முன்சுவரிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர், பின்சுவரிலிருந்து நாலேகால் மீட்டர். அங்கே நிற்பவருக்கு நான்கு மூலைகளும் எட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்குவாஷ் என்பது அந்த 'டி'யைப் பிடித்துக்கொள்ள இருவர் நடத்தும் போராட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இரண்டு கான்கள்

பாகிஸ்தானில் பெஷாவரை அடுத்து நவாகில்லே என்ற சிற்றூர் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பெஷாவரில் இராணுவ அதிகாரிகளின் மன்றத்தில் ஸ்குவாஷ் களங்கள் இருந்தன. அங்கே பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்த ஹாஷிம் கான், 1951-ல் இங்கிலாந்து சென்று பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். உலக ஓபன் என்ற போட்டி அப்போது பிறக்கவில்லை. பிரிட்டிஷ் ஓபன்தான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பட்டம். அதன் பின் அந்தச் சிற்றூரின் குடும்பங்களிலிருந்து வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் கதையின் இருவரும் அந்த மண்ணுக்கு உரியவர்களே.

ஜஹாங்கீர் கான் 1963-ல் கராச்சியில் பிறந்தார். தந்தை ரோஷன் கான் 1957-ல் பிரிட்டிஷ் ஓபன் வென்றவர். மகனோ நோஞ்சான் குழந்தை. குடலிறக்கத்துக்காக இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. கடினமான விளையாட்டு எதுவும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் 15 வயதில், 1979-ல், உலக அமெச்சூர் பட்டத்தை வென்றது. அடுத்த சில வாரங்களில் அவருடைய அண்ணன் தோர்சம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாரடைப்பால் இறந்தார். ஜஹாங்கீர் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட எண்ணினார். பிறகு மனம் தேறி, ஒன்றுவிட்ட அண்ணன் ரெஹ்மத் கானிடம் பயிற்சி பெற்று, 1981-ல் 17 வயதில் உலக ஓபன் பட்டத்தை வென்றார். 1982 முதல் 1991 வரை பத்து ஆண்டுகள் பிரிட்டிஷ் ஓபன் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

ஜான்ஷேர் கான் 1969-ல் பிறந்தவர். ஐந்தரை ஆண்டு இளையவர். இருவருக்கும் பெயரின் பின்பாதி ஒன்று, உடன்பிறந்தவர்கள் அல்லர். பின்னாளில் ஜான்ஷேர் உலக ஓபனை எட்டு முறையும், பிரிட்டிஷ் ஓபனை 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறையும் வென்றார்.

மண் ஒன்று, நாடு ஒன்று, களம் ஒன்று. ஆட்டமோ முற்றிலும் வேறு.

நேரத்தைப் பறிப்பவர், நேரத்தை வாங்குபவர்

ஜஹாங்கீரின் ஆட்டம் வேகத்தின் ஆட்டம். 'டி'யில் நின்றுகொண்டு, பந்து தம்மைத் தாண்டிப் பின்சுவர் நோக்கிப் போகுமுன் அந்தரத்திலேயே மறித்து அடிப்பார். இதை 'வாலி' என்பார்கள். இதனால் என்ன கிடைக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தைத் தாண்டவிட்டால் அது பின்சுவர் வரை நாலேகால் மீட்டர் போக வேண்டும். அங்கிருந்து அடித்தால் அதே நாலேகால் மீட்டர் திரும்பி வர வேண்டும். மொத்தம் எட்டரை மீட்டர். பந்தின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.4 விநாடிக்குச் சற்று அதிகம். இந்த நேரம் எதிராளியின் பையிலிருந்து பறிக்கப்படுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் ஓடக்கூடிய ஒருவருக்கு 0.4 விநாடி என்பது 2 மீட்டர் தூரம். மூலையில் விழும் பந்துக்கும் மட்டைக்கும் நடுவே அந்த 2 மீட்டர்தான் வெற்றியும் தோல்வியும். ஒவ்வொரு அடியிலும் இப்படிப் பறித்தால் எதிராளி எப்போதும் பாதி அடி பிந்தியே ஓடிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரத்தில் அவர் கால்கள் சோர்ந்துவிடும்.

ஜான்ஷேரின் ஆட்டம் இதற்கு மறுதலை. அவர் ஒல்லியான, நீண்ட கால்களை உடையவர். அவசரம் என்பதே தெரியாதது போல நடமாடுவார். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்தை உயரத் தூக்கி மெல்லப் பின்மூலைக்கு அனுப்பிவிடுவார். இது 'லாப்'. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் வகுப்பில் கணக்குப் போட்டிருப்பீர்கள், ஒரு விநாடி. அந்த உயரத்துக்கு ஏறவும் ஏறக்குறைய அதே நேரம். ஆக, ஒரு நல்ல லாப் தன்னை அடித்தவருக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் ஜான்ஷேர் மூலையிலிருந்து 'டி'க்கு நிதானமாகத் திரும்பி வந்து மூச்சும் விட்டுக்கொள்வார்.

நிதானத்தில் இன்னொரு இலாபமும் உண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அவரது இயக்க ஆற்றல் 520 ஜூல். வேகம் 3 மீட்டர் ஆனால் சுமார் 290 ஜூல். வேகத்தில் கால் பங்கைக் குறைத்தால் ஆற்றலில் பாதியளவு மிச்சம்! ஸ்குவாஷில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை பாய வேண்டும், ஒரு முறை நிற்க வேண்டும். நின்றதும் அந்த ஆற்றல் திரும்பக் கிடைப்பதில்லை. தசைகளில் வெப்பமாகிப் போகிறது. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டி ஊகித்து, சீக்கிரம் புறப்பட்டு, மெல்லப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேமிப்பார் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஒருவர் எதிராளியின் நேரத்தைப் பறித்தார். மற்றவர் தமக்கு நேரத்தை வாங்கினார். இரண்டும் சரியான இயற்பியலே.

பந்தும் ஒரு கட்சி

இதில் மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அது பந்து. 4 சென்டிமீட்டர் குறுக்களவு, 24 கிராம் எடை, உள்ளே காற்று அடைத்த ரப்பர் உருண்டை. பெரிய போட்டிகளில் ஆடும் பந்தை ஆட்டத்துக்கு முன் கையில் எடுத்துத் தரையில் போட்டால் மண்ணுருண்டை போலத் தொப்பென்று விழும். விதிப்படி, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால், 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அது சுமார் 30 சென்டிமீட்டர்தான் எழும்பும். அதே பந்தை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதைப் போல இரு மடங்குக்கும் மேல் எழும்பும். அதனால்தான் வீரர்கள் ஆட்டம் தொடங்குமுன் சில நிமிடங்கள் பந்தை அடித்துச் சூடாக்குகிறார்கள்.

பந்து ஏன் சூடாகிறது? சுவரில் மோதும்போது ரப்பர் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகி ரப்பரிலேயே தங்குகிறது. விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்தை அடித்ததாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 30 ஜூல். காற்றுக்கும் சுவருக்கும் போனது போக, அதில் பாதி பந்தில் வெப்பமாகத் தங்கியது என்று வைத்துக்கொண்டால், ரப்பரின் வெப்ப ஏற்பைக் கொண்டு கணக்கிடும்போது, ஒரே அடியில் பந்தின் வெப்பநிலை சுமார் 0.3 டிகிரி உயரும். பாதி வேகத்தில் அடித்தால் ஆற்றல் கால் பங்காகும். வெப்பமும் கால் பங்காகும். இதற்கிடையே பந்து காற்றில் குளிர்ந்துகொண்டும் இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் வெப்பநிலையில் அது நிலைபெறும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஜஹாங்கீர் வேகமாக அடிக்க அடிக்கப் பந்து சூடாகிறது. சூடான பந்து நன்றாக எழும்புகிறது. நன்றாக எழும்பும் பந்தை எதிராளி எளிதில் எட்டிப் பிடிக்கிறார். ஆகவே வேகம் தன் எதிரிக்கே உதவியும் செய்கிறது! மறுபுறம், ஜான்ஷேரின் மெதுவான ஆட்டத்தில் பந்து அவ்வளவு சூடேறுவதில்லை. அந்த நேரம் பார்த்து முன்சுவரை ஒட்டி மெல்லத் தட்டிவிட்டால் பந்து எழும்பாமல் அங்கேயே சாகிறது. அதே மெதுவான பந்து சற்றே உயரம் தப்பினாலும் 'டி'யில் நிற்கும் ஜஹாங்கீரின் மட்டைக்கு விருந்து. எந்தப் பாணியும் தன் பலவீனத்தைத் தன்னோடே சுமந்து வருகிறது. வேகம் நல்லதா, நிதானம் நல்லதா என்ற கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லாது. "யாருக்கு எதிராக?" என்றுதான் திருப்பிக் கேட்கும்.

555 சொல்வது என்ன?

1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஓபன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் ஹன்ட்டிடம் ஜஹாங்கீர் தோற்றார். அதன் பிறகு 1986 நவம்பர் வரை, ஐந்தரை ஆண்டுகள், தோல்வியே இல்லை. இந்தக் காலத்து வெற்றிகளைத்தான் 555 என்று சொல்கிறார்கள். எண்ணிக்கை சற்று முன்பின் இருந்தாலும் செயல் மலைக்கத்தக்கது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. 1983-ல் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் எகிப்தின் கமால் அவாதுடன் அவர் ஆடிய ஆட்டம் 2 மணி 46 நிமிடம் நீடித்தது. முதல் கேம் மட்டும் 1 மணி 11 நிமிடம். புள்ளிகள் 9-10, 9-5, 9-7, 9-2. கூட்டிப் பாருங்கள், 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சராசரி 2 நிமிடம் 46 விநாடி! அந்நாளைய விதிப்படி, பந்தைத் தொடங்கி வைப்பவர் வென்றால் மட்டுமே புள்ளி. எனவே ஒரு புள்ளிக்குள் பல போராட்டங்கள் அடங்கும். இவ்வளவு உழைப்பையும் நான் மதிக்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரு சோதனையை 500 முறை செய்து 500 முறையும் ஒரே விடை வந்தால், 501-ஆம் முறை செய்வதால் நமக்குப் புதிதாக என்ன தெரியும்? ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. முடிவு முன்பே தெரிந்த சோதனை நம்முடைய அறியாமையைக் குறைப்பதில்லை. ஜஹாங்கீர் களத்தில் இறங்கினால் வெல்வார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், எதிராளிக்கும் தெரியும். தம் ஆட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குக் காட்டுவாரில்லை.

அதை அவரே உணர்ந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டுகளில் அவர் அமெரிக்காவுக்குப் போய், கெட்டியான பந்தைக் கொண்டு குறுகலான களத்தில் ஆடும் வேறு வகை ஸ்குவாஷையும் ஆடினார். அங்கும் பட்டங்களை வென்றார். வெற்றி குறைவாக இருந்ததால் அவர் போகவில்லை. தடை குறைவாக இருந்ததால்தான் போயிருக்க வேண்டும்.

1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் நடந்த உலக ஓபன் இறுதியில் அந்தத் தொடர் அறுந்தது. அறுத்தவர் நியூசிலாந்தின் ராஸ் நார்மன். 1983-ல் பாராசூட் விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். அதே 1986-ல் பிரிட்டிஷ் ஓபன் இறுதியில் ஜஹாங்கீரிடம் தோற்றவரும் அவரே. பலமுறை தோற்றும் ஒவ்வொரு முறையும் வந்து நின்றவர். அந்த ஒரே தோல்வி, அதற்கு முந்தைய நூறு வெற்றிகளைவிட அதிகச் செய்தியை ஜஹாங்கீருக்குச் சொல்லியிருக்கும்.

இனி 37

ஜான்ஷேர் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். 1986-ன் கடைசியிலும் 1987-ன் தொடக்கத்திலும் நடந்த முதல் சில ஆட்டங்களில் ஜஹாங்கீரே வென்றார். 1987 செப்டம்பரில் ஹாங்காங் ஓபன் அரையிறுதியில் ஜான்ஷேர் ஒரு கேம்கூட விடாமல் வென்றார். அத்தோடு நிற்கவில்லை. அடுத்து இருவரும் மோதிய எட்டு முறையும் ஜான்ஷேருக்கே வெற்றி. அந்த ஆண்டின் உலக ஓபனும் அவருக்கே. ஐந்தரை ஆண்டு தோல்வி அறியாதவர், 18 வயது இளைஞரிடம் வரிசையாக ஒன்பது முறை தோற்றார். வேகமெல்லாம் லாப்களில் கரைந்துபோயிற்று.

உங்கள் பெயரை இப்படி ஒருவர் ஒன்பது முறை அழித்தால் என்ன செய்வீர்கள்? ஓய்வு பெற்றிருக்கலாம், பட்டங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. ஜஹாங்கீர் அப்படிச் செய்யவில்லை. 1988 மார்ச்சில் அந்தத் தொடரை உடைத்தார். அதிலிருந்து அடுத்த 15 ஆட்டங்களில் 11 அவருடையவை. அவ்வாண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக ஓபன் இறுதியில் ஜான்ஷேரையே வென்று பட்டத்தை மீட்டார். ஒன்பது முறை தோற்றுப்போன அதே ஆட்டத்தை அப்படியே ஆடி 15-ல் 11 வெல்ல முடியாது. மாறியிருந்தால்தான் முடியும். பிறகு ஜான்ஷேரும் மாறினார். தாங்கித் தாங்கிச் சோர்வடையச் செய்பவராக மட்டும் நிற்காமல், முன்சுவரருகே பந்தைச் சாகடிப்பதில் தேர்ந்தவரானார். 1991 பிரிட்டிஷ் ஓபன் இறுதி ஜஹாங்கீருக்கு. 1993-ல் கராச்சியில் நடந்த உலக ஓபன் இறுதி ஜான்ஷேருக்கு. அத்துடன் ஜஹாங்கீர் விடைபெற்றார்.

மொத்தம் 37 ஆட்டங்கள். ஜான்ஷேர் 19, ஜஹாங்கீர் 18.

சரி, ஜான்ஷேர்தான் சிறந்தவர் என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். அந்த 37 ஆட்டங்களுக்குள் எடுத்த கேம்களை எண்ணினால் ஜஹாங்கீர் 79, ஜான்ஷேர் 74. புள்ளிகளை எண்ணினால் ஜஹாங்கீர் 1459, ஜான்ஷேர் 1426. ஆட்டக் கணக்கில் ஒருவர் முன்னே. கேம் கணக்கிலும் புள்ளிக் கணக்கிலும் மற்றவர் முன்னே! 2885 புள்ளிகளில் வேறுபாடு 33. அதாவது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். தராசின் இரு தட்டுகளும் இவ்வளவு சமமாக நிற்கும்போது, எந்த எடைக்கல்லை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முள் சாய்கிறது. அளவுகோலைச் சொல்லாமல் அளவைச் சொல்வது அறிவியல் ஆகாது.

இதனால்தான் 37 பெரிது என்கிறேன். 555 ஒரு மனிதர் மற்றவர்களைவிட எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்று காட்டுகிறது. 37, அந்த மனிதர் இன்னும் எவ்வளவு வளர முடியும் என்று காட்டுகிறது. முதல் எண்ணில் எதிராளிக்கு முகமே இல்லை. இரண்டாவது எண்ணைத் தனியாக யாரும் எழுத முடியாது. அதற்கு இருவர் வேண்டும்.

ஆண்கள் ஆட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று எண்ணாதீர்கள். பெண்கள் ஆட்டத்திலும் இதே பாடம் உண்டு. மலேசியாவின் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட், 2006 முதல் 2015 வரை உலகின் முதல் இடத்தை விடாமல் வைத்திருந்தவர். எட்டு முறை உலகப் பட்டம் வென்றவர். எந்தப் பந்தையும் விடாமல் ஓடி எடுப்பது அவர் பலம். எகிப்தின் ரனீம் எல் வெலிலி எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத கோணத்தில் பந்தை வைப்பவர். 2014-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டி இறுதியில் வெலிலி இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலைக்கு வந்தார். டேவிட் அதையும் தாண்டி வென்றார். மறு ஆண்டு செப்டம்பரில் முதல் இடம் வெலிலியிடம் போயிற்று. ஒருவரை மற்றவர் அந்த எல்லை வரை இழுத்துச் சென்றார் என்பதே உண்மை.

எனக்கு நேர்ந்தது

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இதே தவற்றைச் செய்தவன்.

இளங்கலை வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்தபோது, புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 980 வர வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். எனக்கு வந்தது 940. அளவீடுகளைத் திருத்தி 978 என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. ஊசலின் நீளத்தை நான் தவறாக அளந்திருந்தேன் என்பதை ஐந்தாண்டு கழித்து, ஆசிரியரான பிறகுதான் கண்டுகொண்டேன். அந்த 940 எனக்கு ஏதோ சொல்ல வந்தது. நான் அதன் வாயை மூடிவிட்டேன்.

முதுகலை வகுப்பில் செய்தது இதைவிடப் பெரிய தவறு. என்னோடு ஒருவர் படித்தார். முதல் இடம் ஒரு தேர்வில் எனக்கு, மறு தேர்வில் அவருக்கு. நான் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதி விடை காண்பவன். அவர் ஒரு சிறிய படம் வரைவார். இரண்டு வரியில் விடை வந்துவிடும். அந்தப் படங்களை அவர் எப்படி வரைகிறார் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டால் தோற்றவன் ஆகிவிடுவேன் என்று கேட்கவில்லை. நானும் என் வழியை அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே விடுதியில், ஒரே நீண்ட மேசையில் எதிரெதிரே சாப்பிட்டோம். பேசியது மிகக் குறைவு. இறுதித் தேர்வில் நான் முதல் இடம் பெற்றேன். இன்று வகுப்பில் கரும்பலகையில் ஒரு படம் வரைய முயலும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அந்த முதல் இடத்தின் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுகூட எனக்கு நினைவில்லை.

நம் பள்ளிகளில் தரவரிசைப் பட்டியல் ஒட்டுகிறோம். முதல் மாணவனைப் போலப் படி என்று பெற்றோர் சொல்கிறார்கள். முதல் மாணவனோ தன் குறிப்பேட்டை மறைத்து வைக்கிறான். இரண்டும் தவறு என்பது என் கருத்து. பிறர் பாணியை அப்படியே பார்த்து எழுதுவது, ஜான்ஷேர் ஜஹாங்கீரைப் போல அடிக்க முயல்வதற்குச் சமம். அந்த உடலுக்கு அந்த ஆட்டம் ஒத்துவராது. அதே சமயம், உங்களுக்கு நேர் மாறாகச் சிந்திப்பவரைப் பகைவர் என்று ஒதுக்குவது, உங்கள் ஓட்டைகளைக் காட்டும் ஒரே கண்ணாடியைத் திருப்பி வைப்பது போலாகும்.

கடைசியாக ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. ரப்பர் பந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டு, துடைத்து, 1 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். எவ்வளவு எழும்புகிறது என்று அளங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு அதையே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து சராசரி காணுங்கள். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். பந்தை விடுபவர் ஒருவர், அளவு பார்ப்பவர் ஒருவர் என இருவர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக, மதிப்பெண்ணில் உங்களோடு எப்போதும் மோதுகிறவரையே அழையுங்கள். உங்கள் இருவர் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் அழித்து எழுத வேண்டாம். ஏன் ஒத்துப்போகவில்லை என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

சிவப்பு மையில் அடிக்கோடிட்ட அந்த மாணவன் இதைப் படித்தால், தன் நோட்டில் 555-க்குக் கீழே 37 என்றும் எழுதிக்கொள்வானாக. அதன் எதிரே இரண்டு பெயர்களை எழுத வேண்டும்.